சின்னப் படைகளைப் பெரிதாக்க வேண்டுமா? வார்ஹாமர் ஆட்கள் ஓயாமல் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

வார்ஹாமர் மாதிரியான மேசைப் போர் விளையாட்டு ஆடுகிற நாலு பேர் ஒரு இடத்தில் சேர்ந்தால் அரை மணி நேரத்துக்குள் யாராவது ஒருத்தர் "எங்க படைக்கு மட்டும் ஏன் புதுசா ஒண்ணுமே வர்றதில்ல" என்று ஆரம்பித்துவிடுவார். தங்கள் படையின் விதிப் புத்தகத்தில் பத்துப் பன்னிரண்டு யூனிட்டை (ஒன்றாக நகரும் வீரர் குழு அல்லது வண்டி) வைத்துக்கொண்டு வருடக்கணக்காகக் காத்திருக்கிற படைக்காரர்கள் சொன்னால் அதில் நியாயமும் இருக்கும். இந்த விவாதத்தில் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் வார்ஹாமர் 40,000 (எதிர்கால விண்வெளிப் போர்), ஏஜ் ஆஃப் சிக்மார் (மாயாஜால உலகப் போர்) இரண்டையும் பற்றித்தான், ஏனென்றால் இந்தச் சண்டை அதிகமாக நடப்பது அங்கேதான்.

முதலில், சின்னப் படை என்றால் எது? மேசையில் பொம்மை குறைவாக இருப்பதா?

இதைக் குழப்பிக்கொண்டுதான் பாதிப் பேர் சண்டை போடுகிறார்கள். மேசையில் நிற்கிற மினியேச்சர் எண்ணிக்கை வேறு, புத்தகத்தில் தேர்ந்தெடுக்க இருக்கும் யூனிட் வகைகளின் எண்ணிக்கை வேறு. இம்பீரியல் நைட்ஸ் படையை 2000 பாயிண்டுக்கு (ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு பாயிண்ட் விலை உண்டு, இரு தரப்பும் ஒரே மொத்தத்துக்குப் படை எடுப்பார்கள்) கொண்டுவந்தால் மொத்தமே விரல் விட்டு எண்ணக்கூடிய இயந்திர ராட்சதர்கள்தான் நிற்கும், அது அந்தப் படையின் குணம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இங்கே பேச்சு இரண்டாவது வகையைப் பற்றி. ஹார்லிகுவின்களின் 2018 கோடெக்ஸை, அதாவது படையின் விதிப் புத்தகத்தை, எடுத்தால் எட்டே எட்டு வகை: ட்ரூப் மாஸ்டர், ஷேடோசீர், டெத் ஜெஸ்டர், சாலிடேர், ட்ரூப், ஸ்கைவீவர், ஸ்டார்வீவர், வாய்ட்வீவர். அவ்வளவுதான். அதே விளையாட்டில் ஸ்பேஸ் மரீன்களின் புத்தகத்தைத் திறந்தால் எண்ணி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

எனக்கு எண்ணிக்கையை வைத்து அளப்பதில் நம்பிக்கை இல்லை. நான் கேட்பது ஒன்றுதான்: அந்தப் படையை வைத்திருக்கும் இரண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் 2000 பாயிண்டுக்கு லிஸ்ட் (எடுக்கும் யூனிட்டுகளின் பட்டியல்) எழுதினால், அந்த இரண்டும் எதிராளிக்கு வேறு வேறு ஆட்டமாகத் தெரியுமா? தெரிந்தால் அந்தப் படை போதுமான அளவு பெரியது, புத்தகம் எவ்வளவு மெலிந்திருந்தாலும் சரி. தெரியாவிட்டால் முப்பது யூனிட் இருந்தும் அது சின்னப் படைதான்.

இரண்டு லிஸ்ட் ஒரே மாதிரி இருந்தால் என்ன மோசம்? ஆடுகிறவருக்குப் பிடித்திருந்தால் போதாதா?

முதல் ஆறு மாதத்துக்குப் போதும். அப்புறம் அலுத்துவிடும். ஆனால் அலுப்பைவிடப் பெரிய சிக்கல் பேலன்ஸ். கேம்ஸ் வொர்க்‌ஷாப்பே வெளிப்படையாகச் சொன்ன இலக்கு, ஒவ்வொரு படையின் வெற்றி விகிதமும் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது. பெரிய படையில் ஒரு யூனிட் அதிக பலமாகிவிட்டால் அதன் பாயிண்டை ஏற்றிவிடுவார்கள், ஆடுகிறவர் வேறொன்றுக்கு மாறிக்கொள்வார். சின்னப் படையில் மாற வேறொன்று கிடையாது. 2022இல் ஹார்லிகுவின்களையும் உள்ளே சேர்த்துப் புது எல்டாரி (விண்வெளி எல்ஃப்கள்) கோடெக்ஸ் வந்ததும் ஹார்லிகுவின் படைகள் வாய்ட்வீவர் வண்டிகளை வரிசையாக நிறுத்திப் போட்டிகளை அள்ளின. பாயிண்டை ஏற்றியே ஆக வேண்டிய நிலை. ஏற்றினால் அந்த லிஸ்டின் முதுகெலும்பே போய்விடும். எட்டில் ஒன்றைத் தொட்டால் மொத்தமும் ஆடும் என்பதால் இப்படிப் படைகள் ஒன்று உச்சியில் இருக்கும், இல்லையென்றால் தரையில் கிடக்கும்.

பேரரசரின் தங்கக் கவச மெய்க்காவலர்களான அடெப்டஸ் கஸ்டோடெஸ் விஷயத்தில் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். பத்தாம் பதிப்பு விதிப்படி ஒரு கஸ்டோடியன் கார்டின் உறுதி 6, கவசம் 2+ (பகடையில் 2 அல்லது அதற்கு மேல் விழுந்தால் தடுக்கும்), காயம் 3 (மூன்று காயம் பட்டால்தான் சாவான்). எதிரில் சாதாரணக் காலாட்படை வீரன் ஒருத்தன் லாஸ்கன் துப்பாக்கியோடு நிற்கிறான், வலு 3. அவன் சுடுவதில் பாதி தப்பும். பட்டதில் ஆறில் ஒன்றுதான் காயமாகும். அந்தக் காயத்தையும் கவசம் ஆறுக்கு ஐந்து முறை தடுத்துவிடும். ஆக 72 குண்டுக்கு ஒரு காயம், ஒரு ஆளைச் சாய்க்கச் சராசரியாக 216 குண்டு. சிறப்பு விதி, ஆர்டர் எதையும் சேர்க்காமல் சொல்கிறேன். இப்போது எதிராளி சரியான கனரக ஆயுதங்களோடு வந்திருந்தால் இதே ஆட்கள் இரண்டே சுற்றில் காலி. ஆட்டத்தின் முடிவு லிஸ்ட் எழுதும்போதே பாதி தீர்மானமாகிவிடுகிறது. "உன்னிடம் பதில் இருக்கிறதா, இல்லையா" என்று ஒரே கேள்வி கேட்கிற படை இது. படையின் எல்லா யூனிட்டும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது என்றால் எதிராளிக்கும் சலிப்பு, வைத்திருப்பவருக்கும் சலிப்பு.

அப்படியானால் கஸ்டோடெஸுக்கு என்ன சேர்க்க வேண்டும்?

இதற்கான பதில் ஏற்கெனவே அந்தப் படைக்குள்ளேயே இருக்கிறது. சிஸ்டர்ஸ் ஆஃப் சைலன்ஸ். 2016இல் பர்னிங் ஆஃப் பிராஸ்பெரோ பெட்டியில் கஸ்டோடெஸோடு சேர்ந்தே பிளாஸ்டிக்கில் வந்தார்கள். தங்கக் கவசக்காரர்களோடு ஒப்பிட்டால் மலிவு, சீக்கிரம் செத்துவிடுவார்கள், ஆனால் மேசையின் மூலையில் போய் ஒரு குறியிடத்தை (பிடித்து வைத்தால் புள்ளி கிடைக்கும் இடம்) பிடித்து நிற்க ஆள் வேண்டுமே. 60க்கு 44 அங்குல மேசையில் சிதறிக் கிடக்கும் குறியிடங்களுக்கு நூற்றைம்பது பாயிண்ட் பக்கம் ஆகிற யூனிட்டை ஒவ்வொன்றாக அனுப்பிவைத்தால் சண்டை போடுவது யார்? ஐந்தாவது வகை தங்க ஈட்டிக்காரர் வந்திருந்தால் ஆட்டம் ஒரு துளிகூட மாறியிருக்காது. இந்த மலிவான பெண்கள் படையை மாற்றினார்கள். விரிவாக்கம் என்று நான் சொல்வது இதைத்தான்: இல்லாத ஒரு வேலையைச் செய்ய ஆள் கொடுப்பது. வேர்ல்ட் ஈட்டர்ஸின் 2023 கோடெக்ஸில் ஜாக்கல்ஸ் என்ற மனிதக் கூட்டம் வந்ததும் அதே கணக்கில்தான். வெறியோடு ஓடிப்போய் வெட்டுகிற பெர்சர்க்கர்களைக் குறியிடத்துக்குக் காவல் வைப்பது கொடுமை, அவர்களுக்கும்.

விற்காத படைக்கு எதற்குப் புது கிட் (ஒட்டிச் சேர்க்கும் மினியேச்சர் பெட்டி)? வாங்க ஆள் இல்லை, அதனால் வருவதில்லை. இது வியாபாரம்தானே?

சிஸ்டர்ஸ் ஆஃப் பேட்டில் கதையைப் பாருங்கள். அவர்களின் முதல் கோடெக்ஸ் 1997இல் வந்தது, மினியேச்சர் எல்லாம் உலோகம். மற்ற படைகள் ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக்குக்கு மாற, இவர்கள் உலோகத்திலேயே நின்றார்கள். உலோகம் என்றால் விலை அதிகம், கனம் அதிகம், கை காலை மாற்றி ஒட்ட வழியில்லை, ஒரே நாலைந்து போஸ்தான் திரும்பத் திரும்ப வரும். ஒரு முழுப் படை கட்டுகிற செலவில் வேறு ஒன்றரைப் படை கட்டிவிடலாம். 2011இல் அவர்களுடைய விதிகள் தனிப் புத்தகமாகக்கூட வரவில்லை, ஒயிட் டுவார்ஃப் பத்திரிகையில் இரண்டு இதழ்களாகப் பிரித்துப் போட்டார்கள். இப்படியெல்லாம் வைத்துக்கொண்டு "சிஸ்டர்ஸ் விற்பதில்லை" என்றால் எப்படி விற்கும்?

2019 நவம்பரில் பிளாஸ்டிக் சிஸ்டர்ஸ் பெட்டி வந்தது. இணையத்தில் சில நிமிடங்களில் தீர்ந்துவிட்டது. இருபத்திரண்டு வருடம் வாங்க ஆள் இல்லாத படை ஒரே காலையில் ஆள் சேர்த்துவிட்டதா என்ன? ஆள் எப்போதும் இருந்தார்கள், வாங்கத் தகுந்த பொருள்தான் இல்லை. அதனால் விற்பனைக் கணக்கை மட்டும் வைத்து ஒரு சின்னப் படையின் தலையெழுத்தை முடிவு செய்யக் கூடாது என்று நினைக்கிறேன். கடையில் இருப்பதே பழைய சரக்கு என்றால் விற்பனைக் கணக்கு காட்டுவது அந்தச் சரக்கின் லட்சணத்தை மட்டுமே.

எல்லாப் படைக்கும் இது பொருந்தும் என்று சொல்லவில்லை. சிஸ்டர்ஸுக்குப் பின்னால் நாவல், ஓவியம், இருபது வருட ஏக்கம் எல்லாம் இருந்தது.

ஒரு கிட் போடுவது அவ்வளவு பெரிய காரியமா? வருடத்துக்கு ஒன்று போட்டால் என்ன?

பெரிய காரியம்தான். பிளாஸ்டிக் மினியேச்சர் என்பது உருகிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்தி எடுப்பது. அந்த எஃகு அச்சைச் செதுக்குவதில்தான் மொத்தச் செலவும் முன்கூட்டியே போய்விடும். அச்சு தயாரான பிறகு ஒவ்வொரு ஸ்ப்ரூவும் (துண்டுகள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) மலிவு, ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளலாம். அதாவது நிறைய விற்றால்தான் லாபம், குறைவாக விற்றால் அச்சுச் செலவே திரும்பாது. ரெசின் இதற்கு நேர்மாறு: அச்சு மலிவு, ஒவ்வொரு துண்டும் கை வேலை. கஸ்டோடெஸின் டாங்கிகளும் டெலிமோன் டிரெட்நாட் என்ற நடக்கும் இயந்திரமும் நிறுவனத்தின் ஃபோர்ஜ் வேர்ல்ட் பிரிவில் ரெசினில் வந்ததற்குக் காரணம் அதுதான், கொஞ்சம் பேர் வாங்குகிற சாமானை அப்படித்தான் செய்ய முடியும்.

இதோடு நாட்டிங்ஹாம் தொழிற்சாலையின் நேரம், கடை அலமாரியில் இடம், வருட வெளியீட்டு அட்டவணை எல்லாம் சேர்ந்துகொள்ளும். அலமாரி நீளாது. ஒரு பெட்டி புதுசாக ஏறினால் இன்னொன்று இறங்கியாக வேண்டும். எது இறங்கும் என்பதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

எங்கள் படைக்கு வருவதெல்லாம் ஒற்றை ஹீரோதான். இதுவும் விரிவாக்கம் கணக்கில் வருமா?

வராது. ஃபயர்ஸ்லேயர்ஸ் ஆடுகிறவர்களைக் கேட்டால் கண்ணீர் விடுவார்கள். ஏஜ் ஆஃப் சிக்மார் வந்த புதிதில், 2016இல், தனிப் புத்தகத்தோடு வந்த படை. சட்டை போடாத, ஆரஞ்சுத் தாடிக் குள்ளர்கள், தோலில் தங்க ரூன்களை அடித்துப் பதித்துக்கொண்டு கோடாரியோடு ஓடிவருவார்கள். பார்க்க அட்டகாசமாக இருக்கும். ஆனால் புத்தகத்தைப் புரட்டுங்கள்: ரூன்ஃபாதர், ரூன்சன், ரூன்ஸ்மைட்டர், ரூன்மாஸ்டர், பேட்டில்ஸ்மித், கிரிம்ராத் பெர்சர்க்கர். 2022இல் புது ஆள் வந்தார், அவரும் ஒற்றை ஹீரோ, ஆரிக் ஃபிளேம்கீப்பர். அந்த வருடப் புத்தகத்தில் தரையில் நடந்து வரும் சாதாரணப் படை வீரர் வகை எத்தனை? வல்கைட், ஹார்த்கார்ட் பெர்சர்க்கர், ஆரிக் ஹார்த்கார்ட். மூன்று. மிச்சத்துக்கு மேக்மாட்ராத் என்ற நெருப்புப் பல்லி, அதன் மேல் ஏறி உட்காருவதும் அந்த ஹீரோக்கள்தான்.

பெயிண்ட் அடிக்க உட்கார்ந்தால் இன்னும் நன்றாகப் புரியும். முதல் பத்து வல்கைட்டுக்குத் தோல் நிறம் போட்டு, வாஷ் (நீர்த்த நிழல் வண்ணம்) ஊற்றி, தாடிக்கு ஆரஞ்சை மூன்று படியாக ஏற்றும்போது கை துறுதுறுவென்று இருக்கும். அடுத்த பத்து ஹார்த்கார்டை எடுத்தால் அதே தோல், அதே தாடி, அதே தங்கம், கையில் இருக்கும் ஆயுதம் மட்டும் வேறு. ஹீரோ கிட்டை எடுத்தால் மறுபடி அதே மூன்று நிறம். மேசையில் எதிராளி "இதுல யாரு ரூன்ஸ்மைட்டர்" என்று ஒவ்வொரு சுற்றிலும் கேட்பார், கேட்பதில் தப்பே இல்லை.

நிறுவனத்தின் பக்கம் இருந்து பார்த்தால் ஹீரோ வசதியானது: சின்ன அச்சு, ஒரே ஒரு உருவம், புத்தகம் வெளிவரும்போது கூடவே ஒரு புதுச் சாமானும் காட்டியாகிவிட்டது. ஆனால் லிஸ்டில் மூன்று நாலு ஹீரோவுக்கு மேல் யார் வைப்பார்கள்? ஏழாவது ஹீரோ வந்தால் ஆறாவது ஹீரோ அலமாரிக்குப் போவான், படை அப்படியே இருக்கும்.

நல்ல விரிவாக்கம் என்று எதைக் காட்டுவீர்கள்?

ஃப்ளெஷ் ஈட்டர் கோர்ட்ஸ். இதுவும் 2016இல் தனிப் படையானது, அப்போது கையில் இருந்தது பழைய விளையாட்டிலிருந்து வந்த பிணம் தின்னிப் பேய்கள், இறக்கை முளைத்த ராட்சதப் பேய்கள், ஒரு அழுகிய டிராகன் வகை, அவ்வளவுதான். ஆனால் கதை அற்புதம். இவர்கள் தங்களைப் பேய் என்று நினைக்கவில்லை. வீரம் செறிந்த மாவீரர்கள் நாங்கள், அரசனுக்காக நியாயமான போர் செய்கிறோம், விருந்தில் நல்ல இறைச்சி சாப்பிடுகிறோம் என்று முழு மனதோடு நம்புகிறார்கள். பிரச்சினை என்னவென்றால் இந்தப் பைத்தியம் புத்தகத்தில் மட்டும்தான் இருந்தது, மினியேச்சரைப் பார்த்தால் வெறும் பேய்.

2023 கடைசியிலும் 2024 தொடக்கத்திலும் வந்த புது வரிசை அந்த ஓட்டையைத்தான் அடைத்தது. அரசன் உஷோரன் வந்தார். மார்பெக் நைட்ஸ் என்று ஒரு குதிரைப் படை, குதிரைக்குப் பதில் கோரமான மிருகம். கிரிப்ட்கார்ட் என்று அரண்மனைக் காவலர்கள், கையில் எலும்பும் துருவும் சேர்ந்த ஆயுதம், நிற்கிற நிலையோ ராஜ மரியாதை. கதையில் இருந்த கிறுக்கு இப்போது கண்ணால் பார்க்கிற மாதிரி மேசையில் நிற்கிறது, கூடவே வேகமான குதிரைப் படை, நின்று தாங்கும் காவல் படை என்று ஆட்டத்தில் இல்லாத இரண்டு வேலைக்கும் ஆள் கிடைத்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

டாவ் எம்பயரின் க்ரூட்டையும் சொல்ல வேண்டும். 2001இல் டாவ் படை வந்த நாளிலிருந்து கூலிப்படையாகக் கூடவே ஓடிக்கொண்டிருந்த பறவை மூஞ்சி ஆட்கள். 2024 கோடெக்ஸோடு அவர்களுக்கென்று ஒரு பெட்டி நிறையப் புது மினியேச்சர், ராம்பேஜர்ஸ், லோன்-ஸ்பியர் என்று வந்து, க்ரூட்டை மட்டுமே வைத்துக்கூட ஒரு லிஸ்ட் எழுதலாம் என்ற நிலை ஆனது. இதில் எனக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு, போட்டிகளில் அது பெரிதாக எடுபடவில்லை. ஆனால் பக்கத்து நாற்காலியில் டாவ் வைத்திருப்பவரின் படையும் இவருடையதும் ஒன்று என்று யாரும் சொல்ல முடியாது. என் அளவுகோலுக்கு அது பாஸ்.

விரிவாக்கினால் படையின் தனித்தன்மை போய்விடாதா? நைட்ஸுக்குக் காலாட்படை கொடுத்தால் அது நைட்ஸா?

நியாயமான பயம். நைட்ஸுக்குக் காலாட்படை கொடுக்கக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன். 2014இல் ஒரே ஒரு பிளாஸ்டிக் கிட்டை வைத்துக்கொண்டு தனிக் கோடெக்ஸாக வந்த படை அது. நினைத்துப் பாருங்கள், ஒரு கிட், ஒரு படை! அப்புறம் 2018இல் ஆர்மிஜர் என்ற சின்ன நைட்டுகள் வந்தன. அவை வந்த பிறகுதான் அது ஒழுங்கான படையாக ஆடத் தொடங்கியது, ஏனென்றால் பெரியவன் சண்டை போடும்போது சின்னவன் ஓடிப்போய்க் குறியிடத்தில் நிற்கலாம். படையின் இயல்பும் கெடவில்லை, இயந்திரம்தான், அளவுதான் வேறு.

இல்லாத வேலைக்கு ஆள் தேடுவதையும் எல்லாப் படைக்கும் எல்லா வேலைக்கும் ஆள் வைப்பதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வேர்ல்ட் ஈட்டர்ஸுக்கு நீண்ட தூரம் சுடுகிற நல்ல யூனிட் கொடுத்தால் எதற்காக அந்தப் படையை எடுத்தோம் என்றே மறந்துவிடும். ஓடிப்போய் வெட்டுவதுதான் அதன் சந்தோஷம். அந்தப் படையின் தலைவர் ஆங்ரான் செத்த பிறகு ரத்த ஆசீர்வாதப் பகடையில் மூன்று ஆறு விழுந்தால் எழுந்து வருவார், அந்தப் பகடையை உருட்டும்போது மேசையில் கேட்கிற கூச்சலுக்காகவே அந்தப் படையை ஆடலாம். பலவீனம் இருக்கட்டும். ஒரே பலவீனத்தை இரண்டு மூன்று விதமாகச் சமாளிக்க வழி இருந்தால் போதும்.

தனியாக வளர்ப்பதற்குப் பதில் பெரிய படையோடு சேர்த்துவிடலாமே?

பல முறை செய்திருக்கிறார்கள். அடெப்டஸ் மெக்கானிகஸ் 2015இல் ஸ்கிடாரி, கல்ட் மெக்கானிகஸ் என்று இரண்டு தனிக் கோடெக்ஸாக வந்தது, ஸ்கிடாரி புத்தகத்தில் ஒரு தலைமை யூனிட்கூடக் கிடையாது, இதை யார் யோசித்தார்களோ. 2017இல் இரண்டையும் ஒட்டியதும் ஒரு முழுப் படை கிடைத்தது. பீஸ்ட்கிளா ரெய்டர்ஸையும் பழைய ஓகர்களையும் 2019இல் ஓகர் மாட்ரைப்ஸ் ஆக்கினார்கள், அதுவும் பொருந்தியது. ஒரே குடும்பம், ஒரே கதை என்றால் சேர்ப்பதில் நஷ்டமில்லை.

ஹார்லிகுவின்களை எல்டாரி புத்தகத்துக்குள் 2022இல் கொண்டுபோனதில்தான் எனக்கு இரண்டு மனது. விதி கிடைத்தது, துணைக்கு ஆள் கிடைத்தது. ஆனால் அந்தப் புத்தகத்தில் அவர்கள் கடைசிப் பெஞ்சு. புது மினியேச்சர் வரும்போதெல்லாம் எல்டாரிக்கு வந்ததாகக் கணக்காகும், ஹார்லிகுவினுக்கு வராது. மிலிட்டாரம் டெம்பஸ்டஸ் என்று 2014இல் ஒரு குட்டிக் கோடெக்ஸ் வந்து, பிறகு அஸ்ட்ரா மிலிட்டாரத்துக்குள் கரைந்துபோனது நினைவிருப்பவர்களுக்கு இந்தப் பயம் புரியும். கட்டங்கட்டமாக ஹார்லிகுவின் சட்டைக்கு வைர வடிவம் வரைந்து கண் வலித்தவர்கள் இதைவிட மரியாதையை எதிர்பார்ப்பதில் தப்பில்லை.

கூட்டணி? வேறு படையிலிருந்து கடன் வாங்கிக்கொண்டால் ஓட்டை அடைபடுமே?

2018 வாக்கில் இதை ஊரே செய்து பார்த்தது. எட்டாம் பதிப்பில் இம்பீரியம் (மனிதப் பேரரசு) படைகள் ஒன்றோடொன்று தாராளமாகச் சேரலாம். அதனால் பிறந்ததுதான் "லாயல் 32": இரண்டு கம்பெனி கமாண்டர், பத்துப் பத்துப் பேராக மூன்று காலாட்படை ஸ்குவாட், மொத்தம் 32 மினியேச்சர். மலிவு, சிறப்புத் தந்திரங்களுக்குச் செலவிடும் கட்டளைப் புள்ளிகளை அள்ளித் தரும். நைட் காஸ்டெல்லன் எடுத்தவரும் இதைத்தான் சேர்த்தார், பிளட் ஏஞ்சல்ஸ் எடுத்தவரும் இதைத்தான் சேர்த்தார், கஸ்டோடெஸ் எடுத்தவரும் இதைத்தான். சின்னப் படைகளுக்கு உதவ வந்த விதி, எல்லா லிஸ்டையும் ஒரே சாம்பாராக ஆக்கிவிட்டது. அடுத்தடுத்த பதிப்புகளில் இதை இறுக்கியது சரிதான்.

புது மினியேச்சர் இல்லாமல் விதிகளால் மட்டும் பெரிதாக்க முடியுமா?

முடியும், இதுதான் மலிவான வழி, எனக்கு மிகவும் பிடித்த வழியும்கூட. பத்தாம் பதிப்பில் டிடாச்மெண்ட் என்ற ஏற்பாடு உண்டு: அதே மினியேச்சர், வேறு டிடாச்மெண்ட் எடுத்தால் வேறு சிறப்பு விதிகள், வேறு தந்திரங்கள். 2024 டிசம்பரில் ஒவ்வொரு படைக்கும் ஒரு புது டிடாச்மெண்டை இலவசமாக இணையத்தில் போட்டார்கள். எஃகு அச்சு வேண்டாம், அலமாரியில் இடம் வேண்டாம். நல்ல டிடாச்மெண்ட் ஒன்று, அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் யூனிட்டைத் திரும்ப மேசைக்குக் கொண்டுவந்துவிடும்.

ஆனால் அடிப்படையில் மூன்று வகை வீரர்தான் என்றால், டிடாச்மெண்டை எத்தனை முறை மாற்றினாலும் அதே மூன்று பேர்தான் வேறு வேறு வேகத்தில் ஓடிவருவார்கள். ஒரு எல்லை வரைதான் இது உதவும்.

ஸ்பேஸ் மரீனுக்கே எல்லாம் போகிறது. அதைக் குறைத்தால் மற்றவர்களுக்குக் கிடைக்குமா?

கிடைக்காது என்று நினைக்கிறேன். அந்த விற்பனைதான் மற்ற படைகளின் அச்சுச் செலவைத் தாங்குகிறது என்பது என் ஊகம். எனக்கு எரிச்சல் வேறு இடத்தில்: இன்னொரு லெப்டினன்ட், இன்னொரு கேப்டன் என்று மரீனுக்கே பயன்படாத மரீன்கள். யூனிட் அதிகமானால் எதிராளி மனப்பாடம் செய்ய வேண்டியதும் அதிகமாகும், பெரிய படை வைத்திருப்பதற்கும் இப்படி ஒரு விலை உண்டு.

பெரிதாக்க முடியாவிட்டால் நீக்கிவிடுவது நேர்மைதானே?

இல்லை. 2024இல் ஏஜ் ஆஃப் சிக்மாரின் நான்காம் பதிப்பு வரும்போது பீஸ்ட்ஸ் ஆஃப் கேயாஸ் முழுவதையும், போன்ஸ்பிளிட்டர்ஸையும், ஸ்டார்ம்காஸ்டின் ஒரு பகுதியையும் வரிசையிலிருந்து எடுத்தார்கள். பீஸ்ட்ஸுக்காவது தி ஓல்ட் வேர்ல்ட் விளையாட்டில் ஒரு வீடு இருக்கிறது. அலமாரியில் எது இறங்கும் என்று மேலே கேட்டோமே, இதுதான் இறங்கும்: பல வருடமாகப் புது கிட் வராமல், பழைய உருவங்களோடு இழுத்துக்கொண்டிருந்த படை. புது கிட் வராத படைக்காரர்கள் புலம்புவதை வெறும் பேராசை என்று சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அவர்கள் புதுச் சாமானுக்கு மட்டும் ஏங்கவில்லை, அடுத்த பட்டியலில் தங்கள் பெயர் வருமோ என்றும் பயப்படுகிறார்கள்.

ஸ்குவாட்ஸ் கதை தெரியும்தானே? எண்பதுகளின் கடைசியில் வந்த விண்வெளிக் குள்ளர்கள். தொண்ணூறுகளில் ஓசையின்றி மறைந்தார்கள், டைரனிட்கள் என்ற விண்வெளி மிருகங்கள் தின்றுவிட்டன என்று கதையில் சேர்த்துவிட்டார்கள். அப்புறம் 2022 ஏப்ரல் 1ஆம் தேதி திரும்ப வருகிறார்கள் என்று அறிவிப்பு வந்தபோது பாதிப் பேர் முட்டாள் தின விளையாட்டு என்றே நினைத்தார்கள். லீக்ஸ் ஆஃப் வோட்டான் என்ற பெயரில் நிஜமாகவே வந்தது. சின்னப் படையாக ஆரம்பித்ததில் அதற்கும் அடி: கோடெக்ஸ் கடைக்கு முழுதாக வருவதற்கு முன்பே விதிகள் மிக பலம் என்று சத்தம் எழுந்து, சில போட்டிகளில் தடை போட்டு, நிறுவனமே முந்திக்கொண்டு பாயிண்டை ஏற்ற வேண்டியதாயிற்று. 2025இல் இரண்டாவது அலையாக ஸ்டீல்ஜாக்ஸ் உள்ளிட்ட புது யூனிட்டுகள் வந்தன. இந்த மூன்று வருட இடைவெளி எனக்குச் சரியாகத் தோன்றுகிறது: முதல் அலையில் படையின் முகத்தைக் காட்டு, மக்கள் ஆடிப் பார்க்கட்டும், எங்கே ஓட்டை என்று தெரிந்த பிறகு இரண்டாவது அலையை விடு.

வேண்டுமென்றே சின்னதாக வைத்த படை உண்டா?

உண்டு. வார்மெஷின் விளையாட்டில் 2013இல் கன்வர்ஜென்ஸ் ஆஃப் சிரிஸ் என்ற இயந்திரப் படை வந்தபோது, மற்ற படைகள் மாதிரி இதற்குத் தொடர்ந்து புதுச் சாமான் வராது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். எடுக்கிறவர் தெரிந்தே எடுத்தார். இந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

இரண்டாம் உலகப் போர் விளையாட்டுகளில் இந்தப் பிரச்சினை இல்லையா?

போல்ட் ஆக்‌ஷன் மாதிரி விளையாட்டில் பின்லாந்து, ருமேனியா, ஹங்கேரி எல்லாம் சின்னப் படைதான். அங்கே கற்பனையாக டாங்கி சேர்க்க முடியாது. பின்லாந்து கட்டிய பிடி-42 தாக்குதல் பீரங்கி மொத்தமே 18தான், ஜெர்மனியிடம் வாங்கிய ஸ்டுக் தாக்குதல் பீரங்கி 59. ஆனால் சோவியத்திடமிருந்து கைப்பற்றிய டி-26, டி-28 டாங்கிகள் எல்லாவற்றையும் வண்ணம் மாற்றி ஓட்டினார்கள், அதனால் ஏற்கெனவே வைத்திருக்கும் சோவியத் கிட்டை எடுத்துப் பின்லாந்தின் அடையாளம் வரைந்தால் வேலை முடிந்தது. வரலாறு சின்னப் படைக்காரனுக்குக் கொடுத்த தள்ளுபடி.

புதிதாக ஆரம்பிக்கிறேன். சின்னப் படை எடுக்கலாமா?

கஸ்டோடெஸ் மாதிரி என்றால் தாராளமாக. தங்க ஸ்ப்ரே, பழுப்பு வாஷ், மேலங்கிக்குச் சிவப்பு, ஒரு மாதத்தில் முழுப் படையும் பெயிண்டோடு நிற்கும். படித்து வைக்க வேண்டிய விதியும் குறைவு. ஆனால் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக அந்தப் படைக்கு ஹீரோ தவிர வேறு கிட் எந்த வருடம் வந்தது என்று தேடுங்கள், பல வருடம் ஆகியிருந்தால் யோசியுங்கள். அப்புறம், இன்று பலமாக இருக்கிறது என்பதற்காக எடுக்காதீர்கள், மூன்று மாதத்தில் பாயிண்ட் மாறும்.

சரி, அடுத்த விரிவாக்கம் உங்கள் கையில் கொடுத்தால் யாருக்குக் கொடுப்பீர்கள்?

ஃபயர்ஸ்லேயர்ஸுக்கு, யோசிக்கவே மாட்டேன். ஹீரோ ஒருத்தர்கூட வேண்டாம். சின்ன நெருப்புப் பல்லிகள் மேல் ஏறி வரும் குதிரைப் படை ஒன்று, பெரிய மேக்மாட்ராத்துக்கும் தரையில் நடப்பவனுக்கும் நடுவில். தூரத்தில் இருந்து எரிகுழம்பை வீசும் ஒரு கனரக எந்திரம். அப்புறம் ரூன் பதிக்காத, சட்டை போட்ட, மலிவான இளம் குள்ளர்கள் ஒரு இருபது பேர். அந்தச் சட்டைக்கு நான் நீல நிறம் அடிப்பேன்.